அடியில் பார்த்து வாங்கிய கார்

எங்கள் ஊரில் கடைக்குப் போய் எதை வாங்கினாலும் முதலில் கவிழ்த்துப் பார்ப்போம். கேஸ் அடுப்பு, மிக்ஸி, இரும்புக் கட்டில் எதுவானாலும் தலைகீழ்தான். திண்டிவனத்துக் கடைக்காரர்கள் நாங்கள் கவிழ்க்கும் விதத்தைப் பார்த்தே "மரக்காணமா?" என்று கேட்டுவிடுவார்கள். கேலியாகத்தான் கேட்பார்கள். அவர்களுக்கென்ன, அவர்கள் வீட்டுக் கதவுக் கீல் இருபது வருஷம் தாங்கும். எங்கள் வீட்டில் உப்பளத்துக் காற்று ஃபிரிட்ஜின் காலைத் தின்னும், ஸ்கூட்டர் சைலன்சரைத் தின்னும், ஜன்னல் கம்பியைத் தின்னும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே அடியில் கதை முடிந்திருக்கும். அப்பா உப்பளத்துக்கு டீசல் இன்ஜின் வாங்கப் போனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்துவிடுவார். நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

இந்தப் பழக்கத்தை நம்பித்தான் ஏமாந்தேன். அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

புதுச்சேரியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. காலை ஏழு மணிக்கெல்லாம் வெறும் வயிற்றோடு பத்துப் பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஐந்து நிமிஷம் தாமதமானால் மயக்கம் வருகிறது என்பார்கள், என்னைப் பார்த்து முறைப்பார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஸ்கூட்டரில் போய் வந்தேன். எத்தனை லாரிகளின் புகையைக் குடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. சனி, ஞாயிறு வந்தால் சென்னைக் கார்கள் என் முழங்கையை உரசிக்கொண்டு பறக்கும். அப்போதெல்லாம் ஒன்றே ஒன்று நினைத்துக்கொள்வேன். ஒரு நாள் நானும் இப்படிப் பறக்கவேண்டும்.

அதனால் எனக்கு ஏதோ ஒரு கார் போதாது. உருவத்தில் சின்னதாக, சந்து பொந்தில் நுழைவதாக, ஆனால் மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும் கார் வேண்டும். டர்போ இன்ஜின், கையால் மாற்றும் கியர், சிவப்பு நிறம். புதிதாக வாங்க வசதியில்லை. பழையது என்றால் கைக்கு எட்டும் என்று தெரிந்துகொண்டேன். வேகத்துக்கு ஆசைப்பட்டேன் என்று சொல்ல எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள். உப்பளத்தைப் பார்த்துக்கொள்கிற என் தம்பிதான் அதிகம்.

"உனக்கு எதுக்குக்கா டர்போ? ஆஸ்பத்திரிக்குப் போறியா, ரேசுக்குப் போறியா?"

"டேய், நீ ஜீப் வாங்குனப்போ நான் ஏதாவது கேட்டேனா?"

"அது வேலைக்குக்கா."

"இதுவும் வேலைக்குத்தான்."

என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எந்தச் சாலையானாலும் நாற்பதைத் தாண்டாதவர். அவர் எதையும் இரண்டு முறை சொல்லமாட்டார். ஒரு முறை சொல்வார். நாம் காதில் வாங்கவில்லையென்றால் அத்தோடு விட்டுவிடுவார், பிறகு குத்திக் காட்டவும் மாட்டார். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் இது நல்ல குணமா, கெட்ட குணமா என்று என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு நாள் சொன்னேன். "கார நானே பாக்கறேன், நானே எடுக்கறேன். என் கண்ணுக்குத் தப்பாது. யாரும் வாயத் தொறக்கக் கூடாது." அப்படிச் சொன்ன நிமிஷத்திலேயே வசமாக மாட்டிக்கொண்டேன். இனி கார் சரியில்லையென்றால் கார் மட்டும் போகாது. இந்த வீட்டில் என் பேச்சும் சேர்ந்து போகும். அடுத்து ஒரு வாஷிங் மெஷின் வாங்குவதென்றாலும் தம்பி கூட வந்து நிற்பான்.

கடலோரத்து வண்டியே வேண்டாம் என்பது நான் போட்ட முதல் கணக்கு. சென்னை வண்டி, புதுச்சேரி வண்டி, கடலூர் வண்டி எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, கடல் காற்றே படாத ஊரில் ஓடிய வண்டியாகத் தேடினேன். மூன்று மாதம் போனைத் தேய்த்ததில் சேலத்தில் ஒன்று அகப்பட்டது. சிவப்பு. போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். விற்பவர் கம்ப்யூட்டர் வேலை செய்கிற இளைஞர். குரல் தேனாக இருந்தது.

"வீட்டுல இருந்தே வேலைங்க மேடம். ரெண்டு வாரமா வண்டிய வெளியவே எடுக்கல. போர்டிகோவுல தூங்குதுங்க. நீங்க எந்த ஊருங்க?"

"மரக்காணம்."

"உப்பு ஊராச்சேங்க!"

"ஆமாம். அதனாலதான் அடியில நல்லா பாத்துத்தான் எடுப்பேன். இப்பவே சொல்லிடறேன்."

"தாராளமா பாருங்க மேடம்."

என் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். எதைப் பார்ப்பேன் என்றும், எதைப் பார்க்கமாட்டேன் என்றும்.

திண்டிவனம் போய், திருவண்ணாமலை வழியாக பஸ் மாறி நானும் கணவரும் சேலம் போய்ச் சேரும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. வீட்டு முன்னால் போர்டிகோ. அதன் நிழலில் கார் நின்றது. எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. அந்தப் பையன் கார் பக்கத்தில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் பாயை விரித்து வைத்திருந்தான்.

"அடியில பாப்பீங்கன்னுதான் விரிச்சு வெச்சேங்க மேடம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாளில் கார் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் "கார் சாருக்கா?" என்று கேட்டு கணவரிடம் சாவியை நீட்டினார்கள். இவன் எனக்கென்று பாய் விரித்திருக்கிறான், என்னை விஷயம் தெரிந்தவளாக மதிக்கிறான் என்று பூரித்துப் போனேன். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தேன். போன் வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். உப்பு தின்ற தகரம் டொக் என்று கேட்கும். இது டங் டங் என்று கேட்டது. கதவுக்கு அடியில், சக்கர வளைவுக்குள், எங்கும் ஒரு பொட்டுத் துரு கிடையாது. தேய்த்துக் கவிழ்த்த சட்டி மாதிரி இருந்தது. இப்படி ஒரு அடிப்பாகத்தை நான் பார்த்ததே இல்லை.

அப்போது மேலேயிருந்து கணவரின் குரல் கேட்டது. அவருடைய செருப்பு மட்டும் எனக்குத் தெரிந்தது.

"பானெட் சூடா இருக்குது."

அவர் பையனிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னார். நான் காருக்கு அடியிலிருந்தே கத்தினேன்.

"சேலத்து வெயிலுக்குச் சூடா இல்லாம ஜில்லுனா இருக்கும்? சும்மா இருங்க."

பையன் சிரித்தான். கணவரின் செருப்பு ஓரடி பின்னால் போனது, பானெட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார் என்று தெரிந்தது. அவ்வளவுதான்.

கார் நின்றது நிழலில். நான் படுத்திருந்ததும் அதே நிழலில். பாய்க்குக் கீழே தரை என் முதுகுக்கு ஜில்லென்று இருந்தது. அது எனக்கு உறைக்கவே இல்லை.

பிறகு பைபாஸில் ஓட்டிப் பார்த்தேன். மிதித்தேன். முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. நான் சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டுச் சிரித்தேன். "சூப்பரா ஓட்டுறீங்க மேடம்" என்றான் பையன். கடைசி இரண்டு வருஷத்து சர்வீஸ் பில் எங்கே என்று கேட்டதற்கு, "தேடி வாட்ஸாப்புல போடுறேங்க" என்றான். இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறான்.

அடுத்த வாரம் காகித வேலையெல்லாம் முடிந்து காரை வீட்டுக்கு ஓட்டி வந்தோம். கணவர் வழிநெடுக ஜன்னலுக்கு மேலிருக்கும் பிடியைப் பிடித்துக்கொண்டே வந்தார். வாசலில் நிறுத்தினோம். தம்பி வந்தான், சுற்றிப் பார்த்தான், குனிந்து அடியிலும் பார்த்தான். எங்கள் ரத்தம் அல்லவா. "பரவால்லக்கா, அடி சுத்தமா இருக்குது" என்றான். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பினேன். சாவியைத் திருகினேன். பின்னால் குபுகுபுவென்று நீலமாகப் புகை கிளம்பியது. எண்ணெய் கருகுகிற வாடை. எதிர் வீட்டுக் கொடியில் காய்ந்த வேட்டியே தெரியவில்லை. கணவர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"புது வண்டி இல்லல்ல, கொஞ்சம் பொகை இருக்கத்தான் செய்யும்."

ஐந்தாறு நிமிஷத்தில் இன்ஜின் சூடானது. புகை நின்றது. சுத்தமாக, ஒன்றுமே நடக்காதது போல நின்றது. நான் கிளம்பினேன். கூனிமேடு தாண்டும்போதுதான் எனக்கு விளங்கியது. சூடானால் புகை இல்லை. இரண்டு வாரமாகத் தூங்கிய வண்டியின் பானெட் ஏன் சூடாக இருந்தது? நாங்கள் வருவதற்கு முன் அவன் ஸ்டார்ட் பண்ணிப் புகையை ஊதித் தள்ளிவிட்டு, பாயை விரித்து வைத்திருக்கிறான். சொல்லப்போனால் என் கைக்கும் அது தெரிந்தது. அடியில் சைலன்சர் ஓரமாகத் தடவியபோது வெதுவெதுவென்று இருந்தது. நான் துருவைத் தேடினேன், துரு இல்லை, அடுத்த இடத்துக்குப் போய்விட்டேன்.

வண்டியை ஓரங்கட்டிப் போன் செய்தேன். அவன் கோபப்படவில்லை. அதே தேன் குரல்.

"நீங்கதான் அடியெல்லாம் அவ்வளவு நேரம் பாத்தீங்களே மேடம். ஏதாவது இருந்தா அப்பவே சொல்லியிருப்பீங்களே."

போனை வைத்தேன். அதன் பிறகு எத்தனை முறை அழைத்தும் அவன் எடுக்கவே இல்லை.

பெரிய முதலியார்சாவடியில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்தேன். ஆரோவில்காரர்களின் விதவிதமான வண்டிகளைப் பார்த்துப் பழகியவர், வாயில் மரியாதை கொஞ்சம் குறைவு. ஒரு மணி நேரம் குடைந்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"டர்போவுல சீல் போயிருக்குது. ஆயிலு உள்ள எறங்கி எரியுது. கிளட்ச்சும் கடைசி மூச்சு. ஸ்பிரிங்க மாத்தி வண்டிய எறக்கி வேற வெச்சிருக்காங்க. இன்ஜின் கம்ப்யூட்டர்ல கைய வெச்சு ஏகத்துக்குப் பவர ஏத்தி ஓட்டிட்டு, விக்கறதுக்கு முன்னாடி பழையபடி மாத்திட்டானுங்க. வாங்கறப்போ என்னா பாத்தீங்க?"

"அடியில பாத்தேன். துரு இல்ல."

அவர் என்னையே பார்த்தார். "மரக்காணமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வருகிற அழுகை. அவர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"இந்த மாதிரி வண்டிய மெதுவா ஓட்டறதுக்கு எவனும் வாங்கறதில்ல மேடம். முன்னாடி வெச்சிருந்தவன் என்னா பண்ணான்னுதான் மொதல்ல பாக்கணும். காலையில, எவனும் சாவியப் போடறதுக்கு முன்னாடி போவணும். பானெட்டத் தொட்டுப் பாக்கணும், ஜில்லுனு இருக்கணும். அப்புறம் நீங்களே ஸ்டார்ட் பண்ணிட்டு, ஒரு ஆள பின்னால நிக்க வெக்கணும். ரோட்டுல நாலாவது கியரப் போட்டு ஒரே மிதி மிதிச்சா, சத்தம் மட்டும் ஏறி ஸ்பீடு ஏறலன்னா கிளட்ச் அவுட். சர்வீஸ் பில்லு இல்லன்னா திரும்பி வந்துடணும். துரு எல்லாம் கடைசி."

நான் கேட்டுக்கொண்டே நின்றேன். பானெட்டைத் தொட ஒரு ஆள் என்னோடு வந்திருந்தார். தொட்டார், சொல்லவும் செய்தார். நான்தான் சும்மா இருங்க என்றேன்.

இதை வீட்டில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "சர்வீஸ்தான், வேற ஒண்ணும் இல்ல" என்றேன். கிளட்சை மட்டும் மாற்றினேன். டர்போவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அங்கிருந்து ஆரம்பித்தது என் திருட்டு வாழ்க்கை. ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கோணிப்பைக்குள் ஆயில் டப்பா. வாரம் ஒரு முறை, கீழ்புத்துப்பட்டு தாண்டி ஆளில்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி ஊற்றிக்கொள்வேன். அதைவிடக் கேவலம் காலை வேளை. கணவர் குளிக்கப் போகிற நேரம் பார்த்து ஓடிப்போய் காரை ஸ்டார்ட் பண்ணிவிடுவேன். அவர் தலை துவட்டிக்கொண்டு வெளியே வரும்போது புகையெல்லாம் உப்பளப் பக்கம் போயிருக்கும். கார் அமைதியாக உறுமிக்கொண்டு நிற்கும். ஒரு வருஷம் தினமும் இதைச் செய்தேன்.

அவர் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், சண்டையில் உண்மை வெளியே வந்திருக்கும். கேட்காமலே இருந்ததுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. தம்பியோ ஒவ்வொரு வேகத்தடையிலும் கார் வயிற்றைத் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு, "அக்கா, உன் கார் ரோட்ட அளந்துக்கினே போவுது" என்பான். அவனைத் திட்டவாவது முடிந்தது.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் சும்மா இருக்கமாட்டாமல் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். கதவுக்குக் கீழே பெயிண்ட் கொப்பளித்திருந்தது. நாணயத்தால் தட்டினேன். டொக். எந்த ஒன்றை நம்பி இதை வாங்கினேனோ, அந்த ஒன்றையும் எங்கள் ஊர்க் காற்று ஒரே வருஷத்தில் தின்று முடித்திருந்தது. அங்கேயே படுத்துக்கொண்டு சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது.

மெக்கானிக்கும் கையை விரித்துவிட்டார். "டர்போவ மாத்துங்க, இல்லன்னா வித்துட்டு நிம்மதியா இருங்க." விற்பது என்று முடிவு செய்து போட்டோ போட்டேன். திண்டிவனத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள். நர்ஸ் வேலை, முதல் கார். மூச்சு விடாமல் பேசினாள்.

"ரெட் கலர்தான் மேடம் நான் தேடிக்கினு இருந்தேன். எங்க அண்ணன் கூட வர்றேன்னுச்சு. நான்தான் நானே பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வந்துடறேன்."

"வாங்க" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஒன்பது மணிக்கு மேல் ஆகியிருந்தது. வாசலில் தண்ணீர் தெளித்தாயிற்று, காரைக் கழுவித் துடைத்தாயிற்று. உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினேன். வழக்கமான புகை கிளம்பி, வழக்கம்போல அடங்கியது. பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்தேன். கண்ணாடியில் புகை தெரிகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டேன். இல்லை. இறங்கினேன்.

கணவர் கார் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் அவ்வளவு சீக்கிரம் குளிக்கப் போவதில்லை என்பதை நான் மறந்துவிட்டேன். பானெட் மேல் கை வைத்திருந்தார். அழுத்தி வைக்கவில்லை, காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியில் வைப்பதைப் போலத்தான் வைத்திருந்தார்.

"சூடா இருக்குது" என்றார்.

அதே குரல். அதே ஒரு முறை. ஆத்திரத்தில் எனக்குப் பதில் கூடத் தயாராக இருந்தது. வெயில் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் வாசலில் அன்று வெயில்கூட இருந்தது. ஆனால் அந்த நொடியில் என் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு நீலப் பாய்தான். அந்தப் பையன் ஒரே ஒரு நாள், முன்பின் தெரியாத ஒருத்திக்குச் செய்ததை நான் ஒரு வருஷமாகத் தினம் தினம் என் புருஷனுக்குச் செய்திருக்கிறேன். இன்று இன்னொருத்திக்கும் செய்யக் கிளம்பிவிட்டேன். கூசிப் போனேன்.

"அன்னைக்கு சேலத்துலயும் சூடாதான் இருந்துச்சு" என்றேன். "நீங்க சொன்னீங்க. நான்தான் கேக்கல."

"ம்" என்றார்.

"இந்த வண்டி மொத நாள்ல இருந்தே பொகை விடுது. டர்போ போயிடுச்சு. நீங்க குளிக்கற நேரமா பாத்துதான் தெனமும் ஸ்டார்ட் பண்ணேன்."

"தெரியும். பாத்ரூம்ல ஜன்னல் இருக்குது."

ஒரு வருஷம். அந்த ஜன்னல் வழியாக ஒரு வருஷம் புகையை முகர்ந்துகொண்டே குளித்திருக்கிறார். எனக்கு அவரை உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் போனை எடுத்தேன். அந்தப் பெண் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"கிளம்பிட்டியாம்மா?"

"பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன் மேடம். பஸ் வந்துடுச்சு, ஏறப் போறேன்."

"இன்னைக்கு வராத. நாளைக்குக் காலையில வா. நான் வண்டியத் தொடாம வெச்சிருக்கேன். வரும்போது உங்க அண்ணனையும் கூட்டிக்கினு வா."

குரல் இறங்கிக் கேட்டாள்.

"ஏன் மேடம்? வேற யாருக்காவது குடுத்துட்டீங்களா?"

"இல்லம்மா. வண்டி சூடா இருக்குது. ஆறுன வண்டியத்தான் நீ பாக்கணும்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். இந்த முறை அவர் கையை எடுத்துக்கொள்ளவில்லை.